நிப்பாட்ட ஓர் இடம்

எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் வேன் பிடித்து ஊர் பார்க்கப் போவதென்றால், எங்கே போகலாம் என்பதைவிட எங்கே நிப்பாட்டலாம் என்பதுதான் முதலில் பேசப்படும். சுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிட்டால் காலைச் சாப்பாடு எந்த இடத்தில், ளுஹருக்கு எந்தப் பள்ளி, அந்தப் பள்ளியில் பொம்பிளைகளுக்குத் தொழ இடம் இருக்கிறதா, கக்கூசுக்குத் தனி வழி இருக்கிறதா, அதற்குப் பிறகு ஹலால் கடை எந்த ஊரில். இந்தக் கணக்கெல்லாம் முடிந்த பிறகுதான் அருவியும் மலையும் காடும் பேச்சுக்குள் வரும். மொனராகலை, பலாங்கொடை, இரத்தினபுரி என்று ஒவ்வொரு ஊருக்கும் எங்கள் மனதில் ஒரு பள்ளி இருக்கிறது. பள்ளி இல்லாத ஊருக்கு எங்கள் மனதில் பெயரும் நிலைப்பதில்லை. கனகாலமாக இதை ஓர் ஒழுங்கு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். வயதான உம்மாவையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இது தேவையான ஒழுங்கும்தான். ஆனால் சிங்கராஜக் காட்டுக்குப் போய்வந்த பயணத்துக்குப் பிறகு இந்தக் கணக்கு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மொனராகலை எப்படிப்பட்ட ஊர் என்று யாரோ கேட்டபோது என் மகள் பள்ளியின் ஹவுல் தொட்டியையும் அதில் நீந்திய மீன்களையும் சொன்னாள். மற்றதெல்லாம் அவளுக்கு இரண்டு பள்ளிகளுக்கு நடுவே கண்ணாடிக்கு வெளியே ஓடிப்போன பச்சை. ஒரு பிள்ளை தன்னுடைய நாட்டை இப்படித்தான் படிக்கிறாள் என்றால் அவளுக்கு இதைப் படிப்பித்தது நாங்கள்தான். எங்களுக்குப் படிப்பித்தது யார் என்ற கேள்வியைத்தான் என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.

எங்கள் ஊர்கள் எல்லாம் ஒரே ரோட்டின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று சுற்றி வந்து மட்டக்களப்பில் முடிகிற ஏ4 ரோட்டு அது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெற்கே போகும்போது ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. எங்களுக்கு ஒழுங்கை ஒழுங்கையாகத் தெரியும். கிழக்கே கடல், மேற்கே வட்டை, நடுவில் வீடுகள். இங்கே முஸ்லிம்கள் என்றாலும் தமிழர்கள் என்றாலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மகளுக்கு ஒரு வீடு, மகளின் மகளுக்கு ஒரு வீடு என்று ஒரே வளவைத் துண்டாடிக் கட்டியதில் என் குசினி யன்னலுக்கும் தங்கச்சியின் குசினி யன்னலுக்கும் நடுவில் ஒரு முழம் மிஞ்சியிருக்கிறது. உப்புச் சாடியை அந்த இடைவெளியால்தான் கைமாற்றிக்கொள்கிறோம். 2004 டிசம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு கரையிலிருந்து இத்தனை மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று கோடு கீறினார்கள். மருதமுனையில் ஒரு வீட்டுத்திட்டத்துக்கு 65 மீற்றர் என்றே பெயர் விழுந்துவிட்டது. 2013இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டது. அதை ஒட்டிய கரையில் தென்னைகள் வேரோடு கடலுக்குள் சரிந்தன. கிழக்கால் கடல் நெருக்குகிற ஊர் மேற்கால் நீளவும் முடியாது, அது நெல் விளைகிற மண். இந்த நெருக்கத்துக்குள் இருந்து வேனில் ஏறுகிற ஒரு பெண் காட்டில் எதைத் தேடுகிறாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். மரமோ பறவையோ அல்ல, யாருடைய யன்னலும் திறக்காத ஒரு திசையைத்தான் நான் தேடினேன் என்று நினைக்கிறேன்.

வேனில் ஏறுவது எப்போதும் உம்மா வழிக் குடும்பம். உம்மா, சாச்சி, ராத்தா, நான், தங்கச்சி, எங்கள் பிள்ளைகள். மாப்பிள்ளைமார் முன் சீற்றிலும் கடைசிச் சீற்றிலும். நடுச்சாமத்தில் எழும்பிச் சோறாக்கி, கோழி பொரித்து, சம்பல் இடித்து, சோத்துப் பார்சல் கட்டி, பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி, மிதியடிகளுக்குப் பக்கத்தில் அடுக்குவோம். இது சிக்கனத்துக்காகத் தொடங்கிய பழக்கம். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரத்தில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்று கதை கட்டி, அந்தக் கடையையும் பள்ளியையும் அடித்து உடைத்தார்கள். கறிக்குள் இருந்தது மாக்கட்டி என்று பிறகு அரச பகுப்பாய்வாளர் சொன்னார். ஒரு தட்டுக் கறியைச் சுற்றி அவ்வளவு நடக்கும் என்று கண்டதற்குப் பிறகு, பார்சல் கட்டும்போது உம்மாவின் கை இன்னும் இறுக்கமாக மடிக்கிறது. விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவைத் தாண்டும்போது விடிந்திருக்காது. திருக்கோயில் பக்கத்தில் கடல் வெளுக்கும். பொத்துவிலில் ரோட்டு கடலை விட்டுவிட்டு மேற்கே கிறுகும். கொஞ்சத் தூரத்தில் லகுகல. குளமும் குளத்தை மூடிய புல்லும் அந்தப் புல்லுக்காக வந்து நிற்கும் யானைகளுமாக, 1,554 ஹெக்டேயர் அளவேயான சின்னத் தேசியப் பூங்கா. எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மகள் கேட்டாள், "உம்மா, கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்களே." சாச்சி பின்னாலிருந்து, "காட்டுக்குள்ளயா நிப்பாட்டுற, என்ன புள்ள நீ" என்றா. வேன் ஓட்டிய தம்பி ஒன்றும் சொல்லவில்லை, வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். எங்களில் யாரும் யானைக்குப் பயந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் தலைமுறைக்கு ரோட்டில் நிற்பது என்பது நாங்களாகச் செய்த காரியமாக இருந்ததில்லை. 1990 ஜூலையில் கல்முனைப் பக்கத்திலிருந்து காத்தான்குடிக்குப் போய்க்கொண்டிருந்தவர்களைக் குருக்கள்மடத்தில் புலிகள் மறித்தார்கள். ஹஜ்ஜை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களும் அதில் இருந்தார்கள். ஒருவரும் வீடு போய்ச் சேரவில்லை. அடுத்த மாதம் வீரமுனையில் கோயிலுக்குள் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களோடு எங்கள் ஆட்களும் நின்றார்கள் என்பதை அந்த ஊர் மறக்கவில்லை, மறக்கச் சொல்ல எங்களுக்கு வாயும் இல்லை. இதே ரோட்டில் தமிழ்ப் பிள்ளைகளை வாகனத்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனதை உம்மா கண்ணால் கண்டிருக்கிறா. வாப்பா உயிரோடு இருந்த காலத்தில் கண்டி வழியாகக் கொழும்புக்குப் போனால் மாவனல்லையைத் தாண்டும்போது தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஃபாத்திஹா ஓதுவார். அரநாயக்க மலை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. 2000 செப்டம்பர் 16 அன்று எங்கள் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரஃப் கொழும்பிலிருந்து அம்பாறைக்கு வந்துகொண்டிருந்த ஹெலிகொப்டர் அங்கேதான் விழுந்தது. பிறகு 2019. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. 26ஆம் திகதி இரவு அந்தக் கூட்டத்தார் எங்கள் சாய்ந்தமருதிலேயே ஒரு வீட்டுக்குள் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு வெடிக்க வைத்தார்கள். அந்தச் சத்தம் என் கட்டில் வரைக்கும் வந்தது. அந்த வருசம் எங்கள் பக்கத்தில் ஒரு வேனும் ஊர் பார்க்கப் போகவில்லை. போகத் தொடங்கிய பிறகும், ஒரு சோதனைச் சாவடியில் ஒரு பொடியன் என் அடையாள அட்டையில் முகவரி இருக்கிற பக்கத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அவன் மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவன் பார்த்த நேரம் நீளமாக இருந்தது, பிள்ளைகள் அந்த நீளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிப்பாட்டாமல் ஓட்டுகிற ஒரு சாரதியை நல்ல சாரதி என்று நாங்கள் சொல்லத் தொடங்கியதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

சிங்கராஜவுக்குக் கலவானைப் பக்கத்தால், குடாவ வாசலால் போனோம். அங்கே வேன் உள்ளே போகாது. ரிக்கற் எடுத்து, வழிகாட்டியைக் கூட்டிக்கொண்டு, காலில்தான் நடக்க வேண்டும். சித்தாலேபவையும் சவர்க்காரத்தையும் கணுக்காலில் பூசிக்கொண்டு நடந்தோம்; அட்டைகள் அதையும் மதிக்கவில்லை. எங்கள் கரையில் மழைக்கு ஒரு காலம் உண்டு, ஐப்பசியில் தொடங்கி தைக்குள் பெய்து முடிக்கும், மற்ற மாதங்களில் மண்ணும் பனையும் வெள்ளை வெயிலும். இந்தக் காட்டில் மழை இல்லாத மாதம் கிடையாது. வருசத்துக்கு 3,600 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது என்கிறார்கள். பெய்து முடித்த பிறகும் மழை தரைக்கு வந்து சேரவில்லை. மேலே எங்கோ ஓர் இலை அடுத்த இலைக்குக் கொடுத்து, அது கீழே உள்ளதற்குக் கொடுத்து, எங்கள் தோளுக்கு வரும்போது அது மழை என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்றாகி இருந்தது. உக்கிய இலையும் ஈர மரப்பட்டையும் சேர்ந்த ஒரு மணம் உடுப்புக்குள் ஏறிக்கொண்டது. ஹொர மரங்களின் அடி எங்கள் உயரத்துக்கும் மேலே போய்த்தான் முதல் கொப்பை விடுகிறது. ஓர் இடத்தில் வழிகாட்டி கையை உயர்த்தி எங்களை நிப்பாட்டினார். அசையாமல் நில்லுங்கள் என்றார். இந்தக் காட்டில் பல பறவைகள் தனித்தனியாக இரை தேடுவதில்லை. தவிட்டுக்குருவிகளும் கரிச்சானும் முன்னால் போக, பத்துப் பதினைந்து வகைப் பறவைகள் ஒரே கூட்டமாகக் காட்டைக் கடந்து போகும். தேடிப் போனால் காணக் கிடைக்காது, நின்றவர்களின் தலைக்கு மேலால் அது வரும். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். உம்மா ஒரு வேரில் உட்கார்ந்திருந்தா. கூட்டம் வந்தது, எங்களுக்கு மேலே கொஞ்ச நேரம் காடு முழுவதும் பேசியது, போய்விட்டது. நான் பறவைகளைப் பார்த்ததைவிட உம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கும் பள்ளிக்கும் உறவுக்காரர் வளவுக்கும் வெளியே, ஒரு காரணமும் இல்லாமல், அவ ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்ததை அதற்கு முன் நான் கண்டதாக ஞாபகம் இல்லை.

திரும்பி வாசலுக்கு வர அஸர் நேரம் முடியப் பார்த்தது. கலவானைக்கு அந்த மழையில் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருவோம் என்று தெரியாது. உம்மா தொழாமல் வேனில் ஏற மாட்டேன் என்றா. என் மகள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாகப் படித்த சிங்களத்தில் வழிகாட்டியிடம் சொன்னாள்; அவர் தன்னுடைய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய தாய் முன்னறையைக் கூட்டினார். சுவரில் புத்தர் படமும் அதற்குக் கீழே ஒரு விளக்கும் இருந்தன. அந்த அம்மா படத்தைப் பார்த்தார், என் உம்மாவைப் பார்த்தார், பிறகு ஒன்றும் சொல்லாமல் பாயைக் கொண்டுபோய் மற்ற அறையில் விரித்தார். தொழுது முடிய வெறுந்தேத்தண்ணியும் கித்துள் கருப்பட்டியும் வந்தன. இரண்டு பேருக்கும் ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. முழங்கால் நோவைப் பற்றி இரண்டு பேரும் கையால் பேசிக்கொண்டார்கள். வேனில் ஏறிய நேரத்திலிருந்து ஊர் வந்து சேரும் வரைக்கும், வந்து சேர்ந்து கிழமைக் கணக்காகவும், எங்கள் வீட்டுப் பெண்கள் இந்தக் கதையைத்தான் சொன்னார்கள். காட்டைச் சொல்லவில்லை, பாயைச் சொன்னார்கள். கேட்டவர்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள், சிலர் கண்கலங்கினார்கள். நானும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருந்த ஒரு நேரத்தில்தான் எனக்குள் ஏதோ இடறியது. ஒரு வீட்டில் வயதான ஒருத்திக்குப் பாய் விரித்துக் கொடுத்ததில் இவ்வளவு அதிசயப்பட என்ன இருக்கிறது? காரைதீவில் எந்தத் தமிழ் வீட்டில் கேட்டாலும் விரிப்பார்கள், எங்கள் வீட்டில் யார் வந்து கேட்டாலும் விரிப்போம். அந்தத் தாய் செய்தது மனுசத்தனம். அதை நாங்கள் அற்புதம் ஆக்கினோம். அப்படியென்றால் அந்த வாசற்படியை மிதிக்கும்போது நாங்கள் எதிர்பார்த்துக்கொண்டு போனது வேறு ஏதோ ஒன்று. என் நன்றி எவ்வளவு பெரிதாக இருந்ததோ அவ்வளவு தூரத்துக்கு நான் அந்த இடத்தில் அந்நியமாக நின்றிருக்கிறேன். இதை அந்த அம்மாவின் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை, எழுதவும் கூடாது.

அந்தக் காடும் ஒருகாலத்தில் அந்நியர் கையில் பட்ட காடுதான். 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரம் கொண்டுவந்து சிங்கராஜவில் மரம் தறித்தார்கள். நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பி 1977 அளவில் நிறுத்தினார்கள். 1988இல் அது உலக மரபுரிமை ஆனது. தறித்த இடத்தில் முளைத்த மரங்களை வழிகாட்டி காட்டினார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அவருக்கு ஒவ்வொரு மரத்தின் வயதும் தெரிந்தது. அவருடைய தகப்பனுக்கு அந்தக் காட்டுக்குள் கித்துள் மரங்கள் இருந்தனவாம். காட்டைக் காப்பாற்றக் கோடு போட்டபோது அந்த மரங்கள் கோட்டுக்கு உள்ளே போய்விட்டன. கருப்பட்டி காய்ச்சிய கை இப்போது சுற்றுலாக்காரருக்குப் பாதை காட்டுகிறது. கோடு சரியானதுதான் என்றும் அவர் சொன்னார். கோடு இல்லாவிட்டால் காடே இருந்திராது. இரண்டையும் ஒரே மூச்சில், குரல் மாறாமல் சொன்னார். அந்தச் சமநிலை எனக்கு வராது. ஏனென்றால் எங்கள் பக்கத்தில் காடு என்பதை நாங்கள் முதலில் சந்திப்பது ஓர் எல்லைக்கல்லாகத்தான். அக்கரைப்பற்றுக்கு மேற்கே வட்டமடுவில் தலைமுறையாக நெல் விதைத்தோம் என்று விவசாயிகள் சொல்கிறார்கள், மாடு மேய்த்தோம் என்று பட்டிக்காரர் சொல்கிறார்கள், காடு என்று வர்த்தமானி சொல்கிறது. விதைக்கப் போன ஆட்கள் வழக்குக்கு அலைந்தார்கள். 2020இல் கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் இடங்களுக்கென்று ஜனாதிபதி செயலணி போட்டபோது தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. காட்டுக்குள் என்ன இருக்கிறது, அது யாருடையது என்று தீர்மானிக்கிற மேசையில் காட்டோரத்தில் இருக்கிறவர்களுக்குக் கதிரை இல்லாதபோது, காட்டை நேசி என்று பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? ஆனாலும் சொல்ல வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பறவைக் கூட்டத்துக்குக் கீழே நின்ற பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அக்கரைப்பற்றுப் பக்கம் நுரைச்சோலையில் இன்னொரு வகைக் காட்டைக் கண்டிருக்கிறேன். சுனாமியில் வீடிழந்த முஸ்லிம்களுக்கென்று சவூதி அரேபியாவின் பணத்தில் 500 வீடுகள் கட்டினார்கள், பாடசாலையும் ஆஸ்பத்திரியும் சேர்த்து. பௌத்தத் தலமான தீகவாபிக்குக் கிட்டிய நிலம் என்று எதிர்ப்பு வந்தது, வழக்கு வந்தது. ஓர் இனத்துக்கு மட்டும் கொடுக்க முடியாது என்று 2009இல் உயர் நீதிமன்றம் சொன்னது. வீடுகள் ஆளில்லாமல் வருசக்கணக்காகக் கிடந்தன. யன்னல் வழியாகக் கொடி உள்ளே போய் கூரை வழியாக வெளியே வந்திருந்தது, குசினி வைக்க வேண்டிய இடத்தில் மரம் வளர்ந்திருந்தது. சிங்கராஜவில் தறித்த இடத்தில் மரம் முளைத்ததைப் பார்த்துச் சந்தோசப்பட்ட நான், இங்கே முளைத்த மரத்தைப் பார்த்து என்ன படவேண்டும் என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். ஒருவேளை மரத்துக்கு இதில் சம்பந்தமே இல்லை. இடம் கிடைத்தால் அது முளைக்கிறது.

காட்டிலிருந்து மேல்கரைக்கு இறங்கி, கடலோரமாகத் தெற்கைச் சுற்றி வந்தோம். அந்தப் பாதையில் நிப்பாட்டும் இடத்துக்குப் பஞ்சமில்லை. பேருவளையில் கெச்சிமலைப் பள்ளி கடலுக்குள் நீட்டிய பாறையில் வெள்ளையாக நிற்கிறது, பெண்கள் காற்று வாங்கிக்கொண்டு எவ்வளவு நேரமும் இருக்கலாம். காலிக் கோட்டைக்குள் மீரான் பள்ளி, வெலிகமவில் ஒரு சொந்தக்காரர் வீடு, அம்பாந்தோட்டையில் மலாயர் பள்ளி. உம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. கரையோர முஸ்லிம் ஊர்களுக்கு ஒரு பொது மணம் இருக்கிறது; மீனும் மல்லியும் சாம்பிராணியும் கலந்த அந்த மணம் வேனுக்குள் வந்ததும் எல்லாருக்கும் பசித்தது. ஆனால் தர்கா நகருக்குள் போனபோது ராத்தா பேச்சை நிறுத்திவிட்டு வீடுகளைப் பார்த்தா. 2014 ஜூன் 15 அன்று முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் எரிந்த தெருக்கள் அவை. இப்போது புதுப் பூச்சோடு நிற்கின்றன. நூற்றாண்டுக் கணக்காக நிப்பாட்டி இருந்துவிட்ட ஊருக்கும் அது நடக்கும் என்றால், பள்ளியைக் கண்டால் நெஞ்சு ஆறுதல் அடைவதன் அர்த்தம் என்ன? அந்த ஆறுதலைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. வுளூச் செய்த தண்ணீரின் குளிர்ச்சி உண்மை. நெரிசலான முன்னறையில் முன்பின் தெரியாத பெண்கள் தள்ளி உட்கார்ந்து இடம்விடுவதும் உண்மை. என் சங்கடம் வேறு. அந்த ஆறுதலிலிருந்து அடுத்த ஆறுதல் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு போக நாங்கள் பழகிக்கொண்டோம். உம்மாவின் சின்ன வயதில் எங்கள் ஊர்களிலிருந்து பஸ் பிடித்துப் பலாங்கொடைப் பக்கம் ஜெய்லானிக்குப் போவார்களாம். மலைக்குகைக்குள் பள்ளி, சுற்றிலும் பாறையும் பற்றைக்காடும். பாறையில் சோறாக்கி, பாறையில் படுத்து, முஹ்யித்தீன் ஆண்டகையின் பேரில் மௌலூது ஓதிவிட்டு வருவார்கள். 2013இல் பள்ளியைச் சுற்றியிருந்த கட்டடங்களை அகற்றினார்கள். உம்மா இப்போது அங்கே போகக் கேட்பதில்லை. ஆனால் காட்டுக்குள் படுத்துறங்கிய ஒரு சின்னப் பிள்ளை அவவுக்குள் இருந்திருக்கிறாள் என்பது அந்த வேரில் உட்கார்ந்த விதத்தில் எனக்குத் தெரிந்தது.

கதிர்காமத்தில் பள்ளியில் இறங்கினோம். முருகனின் ஊரில், திருவிழாத் தொடங்கும்போது கொடி ஏறுகிற பள்ளி அது. ஹிழ்ர் நபியின் பேரில் அங்கே ஒரு தக்கியா இருக்கிறது. வழி தவறியவனுக்குக் காட்டில் வந்து வழி காட்டுகிறவர், கால் வைத்த இடம் பச்சையாகிறவர் என்று பெரியவர்கள் சொல்கிற ஹிழ்ர். எங்கள் மாவட்டத்துத் தமிழர்கள் ஆடித் திருவிழாவுக்கு இங்கே நடந்தே வருகிறார்கள்: பொத்துவில், பாணமை, உகந்தை, அதற்குப் பிறகு குமண காட்டுக்குள் நாள்கணக்காக. காட்டின் கதவை அவர்களுக்காக அந்த நாட்களில் திறந்துவிடுகிறார்கள். காரைதீவுச் சிநேகிதி ஒருத்தி போய்வந்தவள். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்ததை, யானை மூச்சு விடுவது கேட்கிற தூரத்தில் படுத்ததை, சாதாரணமாகச் சொல்வாள். அவளுக்கு அந்தக் காடு முழுவதும் நிற்கும் இடம்தான். அவளைக் கேட்கும்போது எனக்கு வருவது பொறாமை என்று சொல்லத் தயங்கவில்லை. கதிர்காமத்திலிருந்து புத்தல போகும் ரோட்டில் எங்களை யானைதான் நிப்பாட்டியது. வாகனங்களில் பழம் வாங்கித் தின்று பழகிய யானை, ரோட்டின் நடுவில் நின்று தும்பிக்கையை நீட்டியது. தம்பி வாழைச்சீப்பை எறிந்து தப்பினார். பிள்ளைகள் கத்தினார்கள், சந்தோசத்தில். எனக்குப் பள்ளக்காடு ஞாபகம் வந்தது. எங்கள் கரையோர ஊர்களின் குப்பை எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற அந்த இடத்தில்தான் போய்க் குவிகிறது, அங்கே மேய வரும் யானைகளின் வயிற்றில் பொலித்தீன் நிறைகிறது. 2022 தொடக்கத்தில் இரண்டு யானைகள் செத்தபோது, எட்டு வருசத்தில் இருபது அளவில் செத்துவிட்டன என்று கணக்குச் சொன்னார்கள். நாங்கள் காட்டில் நிப்பாட்டுவதில்லை. எங்கள் சோத்துப் பார்சல் சுற்றிய தாள் மட்டும் அங்கே போய் நின்றுவிடுகிறது. இந்தக் குற்றத்தை வேறு யாருடைய தலையிலும் போட முடியாது. எங்கள் மாநகரசபைகளும் பிரதேசசபைகளும் எங்கள் குசினிகளும் சேர்ந்து செய்வது அது.

இப்போது வீட்டில் ஒரு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு மாப்பிள்ளைமார் நுவரெலியா என்கிறார்கள். நான் லகுகல என்கிறேன். அதற்குப் போய் யாரும் பயணம் போவார்களா, அது பொத்துவிலுக்கு அங்கால கிடக்கிற காடு, அங்கே எங்கே நிப்பாட்டுகிறது என்று என் கணவர் கேட்டார். பொத்துவில் பள்ளியில் ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டால் மஃரிப் வரைக்கும் நேரம் இருக்கிறதே என்றேன். உடனே தூரக் கணக்கு வந்தது. சேர்த்துத் தொழவும் சுருக்கித் தொழவும் ஆள் பயணியாக இருக்க வேண்டும். எங்கள் மத்ஹபில் அதற்கு எண்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடப் போக வேண்டும். பொத்துவில் எழுபது அளவில்தான். லகுகல எண்பதுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மகள் போனில் பார்த்தாள். கல்முனைச் சந்தியிலிருந்து அளப்பதா, வீட்டு வாசலிலிருந்து அளப்பதா என்று அவளுக்கும் தகப்பனுக்கும் வாக்குவாதம். உம்மா தஸ்பீஹை உருட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தா. "அளக்கத் தேவல்ல மகள்" என்றா. "லகுகல நம்மட டிஸ்ரிக்கு. அங்க போறது பயணமில்ல. முழுசாத் தொழுவம், ஒரு பாயைக் கொண்டு போவம், குளத்துக் கட்டில விரிக்கலாம். வெயில் தாழத்தானே ஆனை வாற." கட்டில் பாய் விரிக்க வனஜீவராசிகள் ஆட்கள் விடுவார்களா என்று அவர் கேட்கிறார். விசாரித்துப் பார்க்க வேண்டும்.